மூன்றடி நாலங்குலம்

நாடாவின் ஒரு முனையைக்
கேட்டின் அடிச்சட்டத்தில் வைத்துப்
பிடிக்கச் சொன்னார் ஓவர்சியர் கோமளவல்லி.
என் வீட்டுக் குற்றத்தை அளக்க
என் கையே.
மறுமுனை வடிகாலைத் தாண்டி
தாரின் விளிம்பில் ஏறி
நசுங்கிய டீ கப் ஒன்றின் அருகே நின்றது.
"மூன்றடி நாலங்குலம் சார். வெளியே."
கூட வந்த பையன் சிவப்புப் பெயிண்டில் கோடு இழுத்தான்.
வண்ணாரப்பாளையத்தில் அன்று மட்டும்
நாற்பத்தோரு வாசலில் அந்தக் கோடு.

நோட்டீஸ், எனக்கு வீட்டை விற்றுவிட்டுச்
செத்தும் போன சம்மந்தம் பெயருக்கு வந்திருந்தது.
வரி மட்டும் பிசகாமல் என் பெயருக்கு வரும்.
சாய்தளம் மனை எல்லைக்குள் அடங்க வேண்டும்.
வடிகால் மேல் கழற்றத்தக்க மூடி மட்டும்.
ஏழு நாள். தவறினால் இடித்து
இடித்த கூலியும் வசூலிக்கப்படும்.

எல்லைக்குள் இருப்பது நாலடி.
அதில் மூன்றடி தண்ணீர்த் தொட்டி.
அந்தச் செங்குத்தில் ஏற்றினால்
வண்டிக்கு வயிறு தட்டும்.
வாடகைக்கு ஓடும் வண்டி,
தவணை இன்னும் இருபத்தாறு பாக்கி.
தெருவில் விட்ட முதல் வாரமே
பக்கக் கண்ணாடி ஒன்று போனது.

"இதையும் அளங்க மேடம்" என்றேன்.
கலியபெருமாள் கொத்தனார் பூசியபோது
இதன் நீளம் ஆறடி.
தானே புயலுக்கு முந்தின வருஷம்.
அப்புறம் மூன்று தடவை தார்,
பழையதைச் சுரண்டாமல்
தோசைமேல் தோசையாக.
ஒவ்வொரு தடவையும் சாலை
என் சாய்தளத்தில் ஒரு சாணுக்கு மேல் ஏறி வந்தது.
அது தின்றது போக மிச்சம்
இந்த மூன்றடி நாலு.
நான் வெளியே போனேனா,
அது மேலே வந்ததா?

பேனா மூடியைக் கடித்தார்.
"ரோடு வேற செக்‌ஷன்."
பிறகு, ஃபைலில் ஏறாத குரலில்,
"எனக்கு மட்டும் தெரியாதா."

எட்டாம் நாள் இயந்திரம் வந்தது.
கலியபெருமாளின் கலவை லேசில் விடவில்லை.
நாலாவது கொத்தில்தான் வாய் பிளந்தது.
கறுப்புக் கூழ்.
ஒற்றைப் பள்ளிக்கூட ஷூ.
ரஹ்மத் பீவி போன வருஷம் பூராவும் தேடிய
தூக்குச்சட்டியின் மூடி.
தெருவின் தண்ணீரெல்லாம் இத்தனை வருஷம்
தொண்டை அடைத்துக் கிடந்தது
என் வாசலுக்கு அடியில்.

மூடியைக் குழாயில் கழுவிக்கொண்டு
என்னைப் பார்க்காமல் உள்ளே போனார் பீவி.
போன நவம்பரில்
அவர் கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றும்போது
அதன் ஒரு முனையைப் பிடித்தவன் நான்.

செம்மண்டலத்துப் பட்டறையில்
இரண்டு இரும்புப் பலகை செய்துகொண்டேன்.
இரவு பதினொன்றே கால், டங், டங், வண்டி உள்ளே.
விடிய நாலரை, டங், டங், ரயிலுக்கு ஆள்.
என் வருமானம் இப்போது
தெருவுக்கே காதில் விழுகிறது.
ஒரு டங்கோடு நின்றால்
"சவாரி இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

பகலில் மதிலோரம் சாய்த்து வைப்பேன்.
சாய்த்து வைத்த பொருள் யாருக்கும் பொது.
ஃப்ரிட்ஜ் ஏற்றப் போகும்,
மாவு மிஷின் இறக்கப் போகும்.
ஒருமுறை, கேட்காமலே,
எதிர்வீட்டுக்கு வந்த ஐஸ் பெட்டியை இறக்க.
அன்று நானும் கேட்கவில்லை.

இந்த ஐப்பசியில் ராத்திரி முழுக்கக் கொட்டியது.
தெருவில் தண்ணீர் நின்றது நாற்பது நிமிஷம்.
அப்புறம் கெடிலத்துக்குப் போய்விட்டது.
பீவி வீட்டுக் கட்டில் தரையிலேயே இருந்தது.
இதை நான்
கோமளவல்லியிடம் சொல்லப் போவதில்லை.

தை பிறந்ததும் மறுபடி தார் என்கிறார்கள்.
முனையில் ஜல்லி குவித்தாயிற்று.
குனிந்து விரலால் அளந்து பார்த்தேன்.
அடிச்சட்டத்துக்கும் சாலைக்கும் பன்னிரண்டு விரல்.
இன்னும் மூன்று பூச்சு.
நாலாவதுக்குப் பலகையைத்
திருப்பிப் போட வேண்டும்,
வீட்டுக்குள் இறங்க.