கடைசி இரண்டு பக்கங்கள்

காசிமேடு ஐஸ் கம்பெனி, ராத்திரி இரண்டே முக்கால்.
கரண்ட் போனது.
அரவை மெஷின்
பாளத்தைப் பாதி மென்ற வாயோடு நின்றது.
வந்தபோது என் பெட்டியில் நாற்பத்தொன்று.
நாகூரான் சொன்னார், "நாப்பத்திரண்டு."

அந்தச் சிப் பன்னிரண்டு ரூபாய்.
ரிச்சி தெருவில் பேரம் பேசி நூறு வாங்கியிருந்தேன்.
ஞாபகத்துக்கென்று அதில் தனி அறை கிடையாது.
அணைந்தால்
என்ன செய்யவேண்டும் என்ற நிரல் நிற்கும்,
எவ்வளவு செய்தோம் என்பது போய்விடும்.
அதனால் நிரல் குடியிருக்கிற வீட்டிலேயே
கடைசி இரண்டு பக்கங்களை ஒழித்துக்
கணக்குக்கு உள்வாடகைக்கு விட்டேன்.

அந்த வீட்டுச் சட்டம் வேறு.
காலிப் பக்கம் என்றால் பூஜ்யம் இல்லை, முழுக்க ஒன்று.
ஒன்றைப் பூஜ்யமாக்க எப்போதும் அனுமதி உண்டு.
ஒரே ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்க
பக்கம் மொத்தத்தையும் அழிக்கவேண்டும்.
பத்தாயிரம் தரம் அழிக்கலாம் என்று
தாளில் போட்டிருக்கிறார்கள்.
அப்புறம் அவர்கள் பொறுப்பில்லை.

நாளைக்கு அறுநூறு பாளம்.
பாளத்துக்கு ஒருதரம் அழித்து எழுதினால்
பதினேழாம் நாள் பொறுப்பு என் தலையில்.
ஆகவே அழிக்காமல் எழுதினேன்,
ஒன்றின் கீழ் ஒன்றாக, இருநூற்று ஐம்பத்தைந்து வரி.
நிரம்பினால்
கடைசிக் கணக்கை மட்டும் மறுபக்கம் கொண்டுபோய்
'இனி இதுவே செல்லும்' என்று முத்திரை வைத்து
அதன் பிறகே பழையதை அழிப்பது.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
வண்டியை அணைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன்:
இருபத்துமூன்று வருஷம் வரும்.
கேட் திறக்கவில்லை.
இன்னொரு தரம் போட்டேன். அதேதான்.

நாகூரானின் பக்கம்
குளிர் அறைக் கதவை ஒட்டிய சுவர்.
கரித்துண்டால் நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே.
சுவர் நிரம்பினால்
பாக்கியை எதிர்ச்சுவரில் எழுதிவிட்டுப்
பழையதற்குச் சுண்ணாம்பு.
பெட்டியை மாட்ட ஆணி அடித்தபோது
இதை நான் கவனிக்கவில்லை.
அவருடைய பதினைந்து பாளம்
இன்னமும் என் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

போட்டுக்காரர் டெல்லஸ் லுங்கியை மடித்துக் கட்டினார்.
"மெஷின் பொய் சொல்லுமா?
நாப்பத்தியொண்ணுக்குத்தான் துட்டு."
"தா பாரு, கரண்ட் போனது மெஷினுக்கு.
எனக்கு இன்னா போச்சு?"

மீன் கூடையைக் கவிழ்த்து
அதன்மேல் லேப்டாப்பை வைத்து
இரண்டு பக்கத்தையும் படித்தேன்.
முதல் பக்கம் விளிம்புவரை நிரம்பி,
கடைசி வரி நாற்பத்தொன்று.
இரண்டாம் பக்கத்தில் பாதி எழுதிய ஓர் எண்.
கூட்டிப் பார்த்தால் ஒத்துவரவில்லை,
முத்திரையும் இல்லை.
முத்திரை இல்லாததை நம்பாதே என்று
நான்தான் எழுதிவைத்திருந்தேன்.
சொன்னபடி கேட்டிருக்கிறது.
ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகிற வழியில்
தொலைந்தது அந்தப் பாளம்.

இன்னும் கொஞ்சம் பெரிய கெபாசிட்டர் இருந்தால்
கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்,
அது போதும் முத்திரை வைக்க.
பெட்டிக்கு நாலு ரூபாய் மிச்சம் பிடித்தேன்.
இதை டெல்லஸிடம் சொல்லவில்லை.
"பெட்டி தப்பு," என்று மட்டும் சொன்னேன்.

டெல்லஸ் மெஷின் வாயை எட்டிப் பார்த்தார்.
"பாதிதானே மென்னிருக்குது? பாதிக்குத் துட்டு தரேன்."
என் பெட்டியில் பின்னம் கிடையாது.
நாகூரான் சுவரிலும் கிடையாது.
அரைக் கோடு போட்டு யாராவது பார்த்ததுண்டா?

பட்டனை அழுத்தினார் நாகூரான்.
மிச்சம் அரைபட்டுக் கூடையில் விழுந்தது.
டெல்லஸ் முனகிக்கொண்டே நோட்டை எண்ணினார்.
நாற்பத்தொன்றை நான் திருத்தவில்லை, திருத்தமுடியாது.
புதுப் பக்கத்தில் நாற்பத்திரண்டு எழுதி
முத்திரை வைத்து
இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.

போட்டுகள் கிளம்புகின்றன.
ரிச்சி தெரு பத்து மணிக்குத்தான் திறக்கும்.
நூறு கெபாசிட்டர், நானூறு ரூபாய்.
நனைந்த கரி சுவரில் பிடிக்காமல்
நாகூரான் அதே கோட்டை
மறுபடி மறுபடி
அழுத்திக்கொண்டிருக்கிறார்.