வரைபடத்தில் நேராக

மகாராஜநகர் மூன்றாம் குறுக்குத் தெரு.
எஞ்சினை அணைத்து
ஜேசிபியின் கையை மடக்கிவைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
மணிக்கு ஆயிரத்து முந்நூறு வாடகை.
சும்மா நிற்கிற மணிக்கும் அதே கணக்கா என்று
துரைசிங்கம் இரண்டு தடவை கேட்டாயிற்று.
பாதாளச் சாக்கடை வேலையை ஆடிக்குள் முடிக்கணும் அவருக்கு.

லூர்துகனி காதில் ஹெட்போனோடு
தெருவைக் கேட்டுக்கொண்டு நடக்கிறாள்.
முனையில் வால்வுக் குழி, குழிக்குள் பெட்டி,
பெட்டியிலிருந்து தாமிரக் கம்பிக்கு ஒரு கிளிப்.
கேஸ் போகிற குழாய் பிளாஸ்டிக்,
அதற்குக் குரல் கிடையாது.
கூடவே படுத்திருக்கும் கம்பிதான்
அதற்காகப் பேச வேண்டும்.

பேசியது,
ஒன்பதாம் நம்பர் வீடு வரைக்கும்.
இரண்டடிக்கு ஒரு மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள்
பதினொன்றின் வாசலில் நின்றாள்.
கருவியை வலப்பக்கம் திருப்பினாள், இடப்பக்கம் திருப்பினாள்.
"கம்பி அந்துபோச்சு அண்ணாச்சி."

துரைசிங்கம் போனை நீட்டினார்.
வடிகால் சுவரிலிருந்து ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்,
கடைசி வீடு வரை
வகிடு எடுத்தமாதிரி ஒரே கோடு.
"படத்துல போட்ருக்குல்லா. அதுக்கு அங்கிட்டுத் தோண்டுனா
என்ன ஆயிரப்போவுது?"
"படம் போட்டவரு இங்கன வந்தாரான்னு தெரியலியே."

நான் வாயைத் திறக்கவில்லை.
என் பக்கெட்டுக்கு ஐந்து பல். நாக்கு கிடையாது.
கடித்த பிறகுதான் தெரியும் அது என்ன என்று.
தச்சநல்லூரில் ஒருநாள் தண்ணீர்க் குழாயைக் கடித்தது,
தெருவே குளித்தது, நானும் குளித்தேன்,
வசவோடு போயிற்று.
இது தண்ணீர் இல்லை.
ஆனிக் காற்று வேறு
மேற்கிலிருந்து விடாமல் வீசுகிறது;
எதிரே டீக்கடையில் அடுப்பு.

கடப்பாரை வேண்டாம் என்றாள்.
முப்பிடாதி மண்வெட்டியோடு இறங்கினான்.
படம் சொன்ன இடத்தில், படம் சொன்ன ஆழம்.
செம்மண், ஓட்டுச்சில்லு, ஷாம்பு உறை,
யாருடையதோ ஒற்றை ஹவாய்ச் செருப்பு.
அதற்கும் கீழே ஓரடி.
குழாய் இல்லை.

"பாத்தியா, ஒண்ணுமில்ல!" துரைசிங்கத்துக்கு முகம் மலர்ந்தது.
"கொம்பையா, ஏறும் வண்டியில!"
லூர்துகனி நகரவில்லை.
"இங்க இல்லன்னா
வேற எங்கனயோ இருக்குன்னுதான அர்த்தம்."

அதுவரை கேட்டுக்குள் நின்று
செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பதினொன்றாம் நம்பர்,
கருவூலத்தில் ரிட்டயரான பிச்சுமணி,
டியூபை மெல்லக் கீழே போட்டார்.
தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.
"இல்ல... அன்னைக்கு... சாய்தளம் புதுசுல்லா.
கிரானைட்டு. உடைக்கப்படாதுன்னு சொன்னேன்.
ஐநூறு ரூவா குடுத்தேன், அஞ்சு பேருக்கும் டீ.
சுத்திப் போயிட்டானுவ."
சுற்றிப் போனதை
காற்றில் கையால் வரைந்து காட்டினார்.

அந்தக் கை எங்கே போய்த் திரும்பியது என்று பார்த்தேன்.
நடுத்தெரு.
முதல் கடி என்று காலையில்
நான் மனதில் குறித்துவைத்திருந்த இடம்.
வெயிலில் கழுத்து ஜில்லிட்டது.

மறுபடி முப்பிடாதி. மறுபடி மண்வெட்டி.
முதலில் மஞ்சள் நாடா வந்தது,
எழுத்து பாதி அழிந்து.
பிறகு மணல். மண்வெட்டியைப் போட்டுவிட்டு
கையால் வழித்தான், குழந்தைக்கு மூக்குச் சிந்துவதுபோல.
மேலே அறுந்த கம்பி, கீழே குழாய்,
நல்ல மஞ்சள், கீறல் இல்லை.
அவள் குனிந்து மோந்து பார்த்தாள்.
மண் வாடை மட்டும்தான்.
உள்ளே யார் வீட்டுத் தோசையோ
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

டேப் பிடித்து அளந்தாள். படமெடுத்தாள்.
நேர்கோட்டை அழித்துவிட்டு
போனில் விரலால் ஒரு வளைவு போட்டாள்.

பிச்சுமணி கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"ஏம்மா, அதுல எம்பேரு வராதுல்லா?"
"பேரு வராது சார்.
வளைவு மட்டும் வரும்."

வாடகைச் சீட்டில் மூன்று மணி நேரம் எழுதினேன்.
வேலை விவரம் என்ற கட்டத்தில் என்ன எழுத?
ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதி
துரைசிங்கத்திடம் நீட்டினேன்.
அவர் படித்தார், என்னைப் பார்த்தார்,
குழியைப் பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்.