இடையறாது

இரவுப் பணி முடிந்து நேரே வந்திருந்தேன்.
நீதிமன்ற வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள்:
ஸ்டெதஸ்கோப், பாதி தின்ற காயா ரொட்டி,
நூற்றுப் பன்னிரண்டு பக்கப் பிரமாணப் பத்திரம்.
ரொட்டியை மட்டும் வெளியே வைக்கச் சொன்னார்கள்.

பட்டியலில் என் பெயர்:
இளநகை த/பெ சிங்காரம்.
கீழே "எதிர்" என்று ஒரு சொல்.
அதற்கும் கீழே முதுநிலைப் பயிற்சிச் சேர்க்கைக் குழு.
அவர்களில் இருவர் எனக்குக்
கல்லீரலைத் தொட்டறியக் கற்றுத் தந்தவர்கள்.

வழக்கே ஒரு சொல்லைப் பற்றித்தான்.
விண்ணப்பத்தின் கடைசி நாளன்று
பன்னிரண்டு மாதம் இடையறாது பணிபுரிந்திருக்க வேண்டும்.
நான் பதினான்கு மாதம் புரிந்திருந்தேன்,
நடுவில் நாற்பத்தொரு நாள் ஓட்டை.

ஓட்டை முதலில் என் நுரையீரலில் விழுந்தது.
வலப்பக்கம், மேல்மடல், ஐந்து காசு அகலம்.
ஐம்பத்தேழாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில், கோ அங்கிள்;
ஊசி ஏற்றும்போது முகத்துக்கு நேரே இருமினார்.
"சாரி லா, டாக்டர்."
பரவாயில்லை என்றேன்.
அன்றைக்கு அது பொய்யில்லை.

அம்மாவுக்கு அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னேன்.
"இடையறாதுன்னா?"
விடாம, நிக்காம.
யீஷூன் சந்தையில் வாங்கிய இறாலை உரித்துக்கொண்டே
"மழைக்குச் சொல்லுவாங்க" என்றார்,
"மனுசருக்கா சொல்லுவாங்க?"

இதயம்கூட இடையறாமல் இல்லை,
சுருங்கும், தளரும்,
அந்தத் தளர்ச்சியில்தான் ரத்தம் நிரம்பும்
என்று நான் தொடங்கியதும்
வழக்கறிஞர் ஃபரீதா பேனாவை மூடினார்.
"அதை உள்ளே சொல்ல மாட்டேன்.
பத்தி நான்கு, உட்பிரிவு இரண்டு. அதோட நிறுத்திக்குவோம்."

உள்ளே அறுவை அறையைவிடக் குளிர்.
எதிர்த்தரப்பு நிதானமாகப் பேசினார்:
கோட்டை எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும்.
என்னை அறியாமல் தலையாட்டிவிட்டேன்.
நானும் கோடு போடுகிறவள்தான்,
விடிகாலை மூன்று மணி,
ஒரே ஒரு தீவிர சிகிச்சைக் கட்டில்,
இரண்டு வயதானவர்கள்.
ஃபரீதா திரும்பி முறைத்தார்.

அந்நேரம் என் வார்டைப் பார்த்துக்கொண்டவன் வெய் ஹான்.
காத்திருப்புப் பட்டியலின் முதல் பெயர்.
என் இடம் போனது அவனுக்குத்தான்.
நீ ஜெயித்தால் என் கதி என்று அவன் கேட்கவில்லை.
மதிய இடைவேளையில் செய்தி அனுப்பியிருந்தான்:
பன்னிரண்டாம் கட்டில், சோடியம் நூற்றுப்பதினெட்டு. ஏற்றவா?
ஏற்று என்றேன். மெதுவாக.

எட்டு வாரம் கழித்துத் தீர்ப்பு, முப்பத்தொரு பக்கம்.
விதி செல்லும்.
ஆனால் நோயால் வந்த இடைவெளியைக்
குழு எண்ணிப் பார்க்கவே இல்லை, அது பிழை.
மறுபடி எண்ணிப் பார்க்கட்டும்.
குழு பார்த்தது.
அதற்குள் அந்த ஆண்டு இடங்கள் நிரம்பி
வெய் ஹான் புதுப் பெயரட்டையும் மாட்டிவிட்டான்.

பகுதி வெற்றி என்கிறார் ஃபரீதா.
அம்மா புளோக் முழுக்க முழு வெற்றி என்று சொல்லிவிட்டார்.

இந்த ஆண்டுப் படிவம் வந்திருக்கிறது.
இடையறாது அப்படியே இருக்கிறது,
தலைக்குமேல் ஒரு சின்ன நட்சத்திரக்குறி மட்டும் புதிது.
அடியில், கண்ணைச் சுருக்கினால் தெரியும் எழுத்தில்:
இடைவெளி இருப்பின் காரணம் தருக.
பெட்டி என் கட்டைவிரல் அகலம்.
இருமல் என்று எழுதினால் இடம் மிச்சமாகும்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் கோ அங்கிள் வந்தார்.
சதை போட்டிருக்கிறார், சட்டை இறுக்கம்.
"டாக்டர்! ரொம்ப நாளா காணோமே, லீவா?"
ஆமாம் அங்கிள், நாற்பத்தொரு நாள்.
"நல்லா ஊர் சுத்துனீங்களா?"

மூச்சை இழுங்க என்றேன்.
இழுத்தார்.
பிடிச்சுக்குங்க.
பிடித்துக்கொண்டார்.
விடலாம் என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.