தீயில்லாச் சூடு

முசஃபா கேம்ப்பில் கரித்துண்டுக்குத் தடை.
கூரையில் புகைக்கண் ஒன்று
ராத்திரி முழுக்கச் சிவப்பாய்ச் சிமிட்டும்.

கழற்றிப்போட்ட ஏசியின் செம்புக்குழாயை
தடித்த மார்க்கரில் ஏழு சுற்று சுற்றினேன்.
இரண்டு மாஸ்ஃபெட், ஆறு கெப்பாசிட்டர்.
லேப்டாப் அடாப்டர்
மூன்று நொடி தாங்கிச் செத்தது.
'வாசனை வந்துருச்சு' என்றான் இருதயம்.

அடுத்த வெள்ளி, ஹைலக்ஸ் பேட்டரி.

சுருளுக்குள் விரலை விட்டேன்:
ஒன்றுமில்லை.
எஃகு மூடியை விட்டேன்:
ஐந்து எண்ணுமுன் சிவந்தது.
இரும்பு மட்டும் கேட்கிற ஏதோ ஒரு பேச்சு.

அர்பாப் வீட்டில் ஊத் என்று தந்த அகில் சில்லு
கண்ணாடிக் குழாயில் வியர்க்கத் தொடங்கியது.
எட்டுக் கட்டிலும் பேச்சை நிறுத்தி
மூச்சை இழுத்தன.
மேலே அந்தக் கண்
வழக்கம்போலச் சிமிட்டியது, அவ்வளவுதான்.

நானும் பார்க்கிறேன் என்று வந்தான் இருதயம்.
'மோதிரத்தக் கழட்டுடா,
தங்கமும் காயும், தோல் வெந்துரும்.'

விரலைக் காட்டினான்.
கறுத்த கையில் வெளுப்பாய் ஒரு வளையம்.
போன மார்ச்சில், காலேஜ் ஃபீஸுக்கு.

'இப்போ அழுத்து' என்றான்.
அழுத்தினேன்.
மின்விசிறி மட்டும் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது.

'சுடவே இல்ல' என்றான்,
விரலை எடுக்காமல்.