நாற்பத்திரண்டாம் அளவுக் கழுத்து

விசேலாவில் பிப்ரவரி மழை
குடையை மதிப்பதில்லை.
ஆலை வாசலில் எங்களுக்கு இது பதினோராவது இரவு.
எண்ணெய்ப் பீப்பாய்க்குள் பழைய பலகைகள் எரிகின்றன.
ஸுல்மிரா காகிதக் கோப்பைகளில்
முட்டைக்கோஸ் சூப் ஊற்றுகிறாள்.
மூன்று மாதச் சம்பளம் உள்ளே இருப்பதாக
எங்களில் யாரும் நம்பவில்லை.
உள்ளே இருப்பவை தையல் எந்திரங்கள்,
அறுபத்து நான்கு.
இரவோடு இரவாக அவையும் லாரி ஏறிவிட்டால்
தட்டிக் கேட்க ஒரு கதவும் மிஞ்சாது.

இருபத்திரண்டு வருடம்
என்னை யாரும் இழுத்து வரவில்லை.
ஏழே முக்காலுக்கு நானே வந்தேன்.
காய்ச்சலோடு வந்தேன்.
அப்பாவைப் புதைத்த மறுநாளும் வந்தேன்.
"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று முதலாளி வால்தெமார் சொன்னபோது
கண் கலங்கியதுகூட உண்டு, பொய் சொல்வானேன்.
கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு கருவாடு கொடுப்பார்.
இரண்டு நாள் ஊறவைத்து
எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும்
அதன் உப்பு முழுதாக இறங்காது.
நன்றியும் அப்படித்தான்.

ஒன்பது வயதில் பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
'தியோலிண்டா, ஒருநாளும் தாமதமாக வராதவள்.'
அம்மா அதற்குச் சட்டம் போட்டு
மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.
எனக்குத் தெரிந்த முதல் சட்டம் அதுதான்.
மற்றவை பிற்பாடு
நீதிமன்றத்திலிருந்து வந்தன.

விடியுமுன் வந்தார்கள். ஐந்து லாரிகள்,
முன்னால் வரிசையாக நீலச் சட்டைகள்.
ஒருவர் ஆணையை மழையில் நின்று வாசித்தார்.
மை கரைந்தது, வாசிப்பு நிற்கவில்லை.
எந்திரங்களுக்கு அந்தத் தாளில்
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருந்தது.
எங்களை மொத்தமாக
'இடையூறு' என்று எழுதியிருந்தார்கள்,
ஒருமையில்.

அப்போதுதான் அந்தக் கழுத்துப்பட்டையைப் பார்த்தேன்.
இரட்டைத் தையல்,
மூலை திரும்பும் இடத்தில் இரண்டு குத்து பின்னோக்கி ஏறும்.
அது என் கை.
போன வசந்தத்தில் வந்த அரசாங்க ஆர்டர்,
நாலாயிரம் சட்டை.
'கழுத்தை அழுத்தக் கூடாது' என்று
குறிப்பு அனுப்பியிருந்தார்கள்.
அழுத்தவில்லை. நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.
அந்தச் சட்டைக்கு வந்த பணம் எங்கே என்று கேட்கத்தான்
வாசலில் நிற்கிறோம்.
பதில் சொல்லச்
சட்டையே வந்திருக்கிறது.

சட்டைக்குள் ஒரு பையன்.
மூக்கு நுனியில் மழைத்துளி, துடைக்க அனுமதி இல்லை போலும்.
"பொத்தான் பகுதி எர்மெலிண்டாவின் மகன்"
என்றாள் ஸுல்மிரா, கொஞ்சம் உரக்கவே.
அவன் கண்கள் எங்கள் தலைக்கு மேலே
எதுவுமில்லாத ஓர் இடத்தைப் பார்த்தன.
அப்படிப் பார்க்கவும் எங்கோ ஒரு பள்ளி இருக்கும்,
அங்கும் தாள் கொடுப்பார்கள்.

தள்ளினார்கள். தள்ளினோம்.
இரண்டு லாரிகள் உள்ளே போய்விட்டன.
அந்த நேரம் பார்த்து ஆலைச் சங்கு ஊதியது.
ஏழே முக்கால்.
தானாக ஊதுவது, அதை யாரும் அணைத்து வைக்கவில்லை.
வேலை இல்லை, கூலி இல்லை, முதலாளி ஊரிலேயே இல்லை,
எங்களில் பாதிப் பேர்
கதவை நோக்கித் திரும்பினோம்.
சிலருக்குக் கை மேலங்கிப் பொத்தானுக்கே போய்விட்டது.
முதலில் சிரித்தவள் ஸுல்மிரா.
பிறகு எல்லோரும்.
சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது,
கடைசியில் அது சிரிப்பாகவும் இல்லை.

பையனின் கழுத்தோரம் ஒரு நூல்
பிரிந்து தொங்கியது.
என் கை எழுந்தது.
அவன் கேடயத்தை உயர்த்தினான்.
அடிக்க இல்லை, தம்பி,
வெட்டத்தான்.
தொங்கும் நூலைக் கண்டால் இந்தக் கைக்கு
என்னிடம் கேட்கத் தோன்றாது.

இறக்கிக்கொண்டேன்.
முதல்முறையாக ஒரு பிசிறை
அப்படியே விட்டேன்.
பிடித்து இழுத்தால் அது எதுவரை பிரியும் என்று
அவனுக்குத் தெரியாது.
தாள் வாசித்தவருக்கும் தெரியாது.