குரல் தாழ்ந்திருக்கிறது

ஏழு வருடமாகிறது இந்த நாற்காலியில்.
முதல் நாள் என் கையில் கொடுத்தவை
பத்தொன்பது சாவிகள்.
நான்குக்கு இன்னும் பூட்டு அகப்படவில்லை.

நாரின் மலைகளில் அக்டோபரிலேயே
குழாய் உறைந்துவிடும்.
தலைமை என்றால் தொலைநோக்கு என்றார்கள்
பிஷ்கெக்கில், மூன்று நாள் பயிற்சியில்.
எனக்குத் தெரிந்த தொலைநோக்கு
நிலக்கரி ஏப்ரல் வரை வருமா என்பது.
கொதிகலன் பார்க்கும் எசென்
மாலையில் வாசலில் நின்று விரல்களைக் காட்டுவார்,
இன்னும் இத்தனை மூட்டை.
கையை மூடிக்கொண்டு வந்தால்
மறுநாள் விடுமுறை.

வேதியியலுக்கு ஆள் இல்லை.
இருந்தவர் நோவோசிபிர்ஸ்கில் டாக்சி ஓட்டுகிறார்.
புத்தாண்டு வாழ்த்தோடு
தனிம அட்டவணை ஒன்றை அனுப்பியிருந்தார்:
'எட்டாம் வகுப்புச் சுவரில் இருப்பது இந்நேரம் கிழிந்திருக்கும்.'
கிழிந்துதான் இருந்தது.

இதையெல்லாம் சொல்வது
பெர்மெத்தின் வகுப்பைப் பற்றிச் சொல்வதைத்
தள்ளிப்போடத்தான்.

மார்ச் மாதம். பின்னங்கள்.
படிவத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
வேலைக்கு வந்து ஐந்தே மாதமான பெண்
முக்காலை அரையால் வகுக்கிறாள்,
எனக்கு அதில் கால்தான் கேட்கிறது.
பிள்ளைகளும் கிசுகிசுத்தே விடை சொன்னார்கள்.
பயம் என்று நினைத்தேன்.

'குரல் தாழ்ந்திருக்கிறது.
வகுப்பைக் கட்டுப்படுத்தும் திறன் போதாது.'
மாவட்டத்துக்குப் போகும் வேன்
வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
பாடம் முடியுமுன் எழுந்துபோய்
முத்திரை குத்திக் கொடுத்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டேன்.
எடுக்கத் திரும்பியபோது
இம்முறை முன்வாசல் வழியாக நுழைந்தேன்.

முதல் வரிசையில்
கம்பளிக் குல்லாயைத் தலைக்கு வைத்து
உலான் தூங்கிக்கொண்டிருந்தான்.
ஆடுகள் குட்டி போடும் மாதம்.
மூன்று இரவு பட்டியில் விளக்குப் பிடித்தவன்.
சட்டைக்கையில் காய்ந்த பனிநீர்க் கறை.
அவனைச் சுற்றி இருபத்தாறு பேர்
ஒரு பெஞ்சும் கிறீச்சிடாமல்
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருபது வருடம் பாடம் நடத்தியவள் நான்.
அமைதி வேண்டுமென்றால்
அளவுகோலால் மேசையைத் தட்டுவேன்.

பெர்மெத்திடம் சொன்னேன்,
கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான்.
"நகலைப் படித்தேன்" என்றாள்.
கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.
மாவட்டத்துக்கு எழுதினேன்.
திருத்தத்துக்கென்று படிவம் கிடையாதாம்.
அவள் சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது.
அடுத்த பருவ அட்டவணையில்
சனிக்கிழமை முதல் பாடவேளையை
அவளுக்கு இல்லாமல் செய்தேன்.
அவள் கவனித்தாளா, தெரியாது.

புதன்கிழமைகளில் வேதியியலுக்கு நானே போகிறேன்,
பிள்ளைகளைவிட ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு.
நேற்று ஜீபெக் எழுந்து கேட்டாள்:
"இன்றைக்கு ஆசிரியரா, தலைமை ஆசிரியரா?"
வகுப்பே சிரித்தது.
சாக்பீஸுக்காகக் கோட்டுப் பையில் கை விட்டேன்.
சாவிக்கொத்துதான் வந்தது.
அதை மேசைமேல் வைத்துவிட்டு
அவளிடமே கேட்டேன்,
சாக்பீஸ் இருக்கிறதா என்று.