நீடாமங்கலம் கேட்

பதினொன்று ஐம்பதுக்குச் சாத்தினார்கள்.
மன்னார்குடி ரயிலுக்கு எஞ்சின் முன்னும் பின்னும் மாற வேண்டும்,
அப்புறம் நெல் வேகன்,
அப்புறம் கேட்காரர் மனசு.

எனக்கு முன்னால் ஒரு நெல் லாரி.
பின்னால் வலங்கைமான் வரைக்கும் ஹாரன்.
பின்சீட்டில் ஈரச் சாக்குக்குள்
கும்பகோணத்தில் கட்டிய இரண்டு மாலைகள்:
ரோஜா, சம்பங்கி, நுனியில் ஏலக்காய்க் குஞ்சம்.
பக்கத்தில் தியாகேசன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்,
எனக்குக் கணவர்,
ஏசி நாலில் ஓடினாலும் வியர்க்கிறவர்.

ஊசியை நான்தான் முதலில் பார்த்தேன்.
இந்த ஜென்னை வாங்கி ஏழு வருஷம்,
அது நடுக்கோட்டைத் தாண்டியதேயில்லை.
நடுவில் நின்றால் நலம் என்றிருந்தேன்.
அப்படியில்லையாம்.
எண்பது டிகிரியிலும் அங்கேதான் நிற்குமாம், நூறிலும் அங்கேதான்.
ஓட்டுகிறவள் பயப்படக் கூடாதென்று
அப்படிச் செய்துவைத்திருக்கிறார்கள்.
எங்கள் வீட்டில் 'ஒண்ணுமில்லை' என்று ஒரு சொல் உண்டு.
அது நிற்கிற இடமும் அதுதான்.

கூத்தாநல்லூர் சலாவுதீனுக்குப் போன் போட்டேன்.
"ஃபேன் சத்தம் கேக்குதாக்கா?"
லாரி கேட்டது, வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் கேட்டாள்.
ஃபேன் கேட்கவில்லை.
"ஓடறப்ப காத்து தானா வரும்.
நிக்கறப்ப அந்த ஃபேன்தான் காத்து. ரிலே போயிருக்கும்.
ஏசிய நிறுத்துங்க. ஹீட்டரப் போடுங்க, முழுசா."
அணைச்சிடட்டுமா என்றேன்.
"அணைச்சா பம்பும் நிக்கும், உள்ள உள்ள சூடு உள்ளயே வேகும்.
செவப்பத் தொட்டா அணைங்க.
அப்புறம், உங்க பேட்டரிய நான் நம்பல."

சித்திரையில்.
நீடாமங்கலத்தில்.
ஹீட்டர்.

தியாகேசன் என்னைப் பார்த்த பார்வையை
ஜீவனாம்ச வழக்கில் சாட்சியாகச் சேர்க்கலாம்.

அதுவும் ஒரு ரேடியேட்டர்தானாம், கைப்பிடி அளவில்,
நம் முழங்காலுக்கு முன்னால் ஒளிந்திருப்பது.
எஞ்சினின் காய்ச்சலை நாம் பங்குபோட்டால்
எஞ்சின் பிழைக்கும்.
பங்குபோட்டோம்.
புடவை முதுகோடு ஒட்டியது,
அவர் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது.
ஊசி ஏறவில்லை. இறங்கவுமில்லை.

அதற்குள் ஊரே தண்ணீரோடு வந்துவிட்டது.
வெண்ணாற்றுக்காரர்கள்;
வயலோ வயிறோ வண்டியோ, காய்ந்தது எதுவானாலும்
மூடியைத் திற, ஊற்று.
பானெட்டைத் திறக்கும் கம்பி என் காலருகே இருக்கிறது.
இழுக்கவில்லை.
அழுத்தி மூடி வைத்திருப்பதால்தான்
உள்ளே இருப்பது இன்னும் கொதிக்காமல் இருக்கிறது,
திறக்கிறவர் முகத்தில்தான் அது கொதிக்கும் என்று
கண்ணாடியை இறக்கிச் சொன்னேன்.
ஒருவர் தன் தண்ணீரைத் தானே குடித்துவிட்டுப் போனார்.

உள்ளே ஒரு மதகும் உண்டு, மெழுகு வைத்தது.
சூடு பட்டால் இளகித் திறக்கும்.
ஜூன் பன்னிரண்டு பார்ப்பதில்லை,
மனு கேட்பதில்லை.

"மாலை" என்றார் அவர்.

சாக்கு காய்ந்துவிட்டது. சம்பங்கி ஓரம் பழுக்கத் தொடங்கியிருந்தது.
லாரி மூட்டைமேல் படுத்திருந்த பையன் எட்டிக் கை நீட்டினான்.
வாங்கித் தார்ப்பாய் நிழலில், கயிற்றில் மாட்டினான்.
"கேட் தூக்குனதும் தரேன்க்கா."

பன்னிரண்டு நாற்பதுக்குத் தூக்கினார்கள்.
தருவதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

துரத்தினேன்.
முப்பது. நாற்பது. ஐம்பது.
கிரில்லுக்குள் காற்று புகுந்தது,
ஊசி ஒரு மயிரிழை யோசித்தது, இறங்கியது.
முன்னால் நெல் மூட்டைகள் மாலையும் கழுத்துமாய்ப் போகின்றன.
எதிரே வந்த டவுன் பஸ்ஸில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
தியாகேசன் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டு
"மாலை! மாலை!" என்று கத்துகிறார்.
பக்கத்தில் வந்த டிவிஎஸ் ஃபிப்டிக்காரர்
"மணி ஒண்ணு கூட ஆகலயே சார்" என்கிறார்.

லாரி நின்றால் என் ஊசி ஏறும்.
நிற்காவிட்டால் மாலை போகும்.
ஹீட்டரை இருவருமே அணைக்கவில்லை.

உள்ளே வந்து, தலையைக் கோதிக்கொண்டு கேட்டார்:
"வண்டிக்கு ஒண்ணுமில்லையே?"

"இருக்கு" என்றேன்,
அழுத்தினேன்.